வாய் கட்டியிருந்தபோது வைத்த சூப்

ஓரிக்கைப் பக்கம் ஒரு லோடு பேசிவிட்டுத் திரும்பும்போது, ரோட்டில் சிந்திக் கிடந்த மணலில் என் பைக் சறுக்கிவிட்டது. கை, கால், இடுப்பு எல்லாம் சிராய்ப்போடு தப்பித்தன. தாடை மட்டும் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது என்றார். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டினார்கள். ஒன்றரை மாதம் வாயைத் திறக்கக் கூடாது, பேசவும் முயற்சி பண்ணக் கூடாது, எது சாப்பிட்டாலும் தண்ணீராகத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விழுந்ததில் ஓரத்தில் ஒரு பல் போயிருந்தது. அந்த இடைவெளியைக் காட்டி டாக்டர், "அதிர்ஷ்டம்பா உனக்கு. இதுல ஸ்ட்ரா நுழையும்" என்றார்.

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி, காஞ்சிபுரம் மார்க்கெட்டில் கொண்டுவந்து இறக்குவேன். மனைவி ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் கடை சாத்தின பிறகுதான் வருவாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம், இரண்டே பேர். அவள் லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். என் வண்டியோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாளே அவள் வேலைக்குக் கிளம்பினாள். ஒரு சொம்பில் கேழ்வரகுக் கஞ்சி, ஒரு சொம்பில் பால், ஒரு பாக்கெட் ஸ்ட்ரா. வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் அப்படியே ஓடியது. பால், கஞ்சி, மறுபடி பால். நாக்கு செத்துப்போய்விட்டது. பக்கத்துப் போர்ஷனில் மதியம் மீன் குழம்பு கொதிக்கும். வாயைத்தான் கட்டியிருந்தார்கள், மூக்கைக் கட்டவில்லையே. அந்த வாசனை வரும்போதெல்லாம் எழுந்து தெருவில் போய் நிற்பேன். மிளகின் காரமும் பூண்டின் மணமும் கொஞ்சமாவது தொண்டையில் இறங்காதா என்று இருந்தது.

அப்போதுதான் செல்போனில் ஒரு பெண் பரங்கிக்காயையும் ஆப்பிளையும் வேகவைத்து அரைத்து சூப் செய்வதைப் பார்த்தேன். அதில் க்ரீம், வெண்ணெய், பெயர் தெரியாத இலை எல்லாம் போட்டாள். எங்கள் வீட்டில் அவை எதுவும் கிடையாது. இருந்தாலும் அடிப்படை எனக்குப் புரிந்தது. காயும் பழமும் குழைய வேக வேண்டும், மசிய அரைக்க வேண்டும், வடிகட்ட வேண்டும். இவ்வளவுதானே!

முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தேன். நான் தினமும் லோடு இறக்கும் கடையில் ஒரு அக்கா இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "அட பாவமே, இன்னாபா இப்படி எளைச்சிட்ட?" என்று எழுந்துவிட்டார். நான் போனில் வீடியோவைக் காட்டினேன். முழுவதும் பார்த்துவிட்டு, "ஆப்பிளு விக்கிற விலைக்கு அதையா கொதிக்க வெப்ப? இந்தா, அடிபட்ட பப்பாளி இருக்குது. ஒரு பக்கம் தான் நசுங்கிருக்குது, வெட்டிப் போட்டுக்கோ. யாரும் வாங்க மாட்டாங்க" என்று எடுத்துப் போட்டார். பரங்கிக்காய்க் கீற்று ஒன்று, வால் உடைந்த கேரட் நாலைந்து, தக்காளி. கொசுறாக இரண்டு கொய்யாப்பழமும் போட்டார்.

முதல் நாள் சமையலைப் பற்றி என்ன சொல்வது! வெந்த காய் ஆறுவதற்குள் மிக்ஸியில் போட்டு ஓட்டினேன். ஆவி மூடியைத் தூக்கி எறிந்தது. சுவர், அடுப்பு, ஏசு படம் போட்ட காலண்டர், என் சட்டை எல்லாம் மஞ்சள். கத்தக்கூட முடியவில்லை. மிச்சத்தை ஸ்ட்ராவில் உறிஞ்சினேன். கொய்யாவையும் சேர்த்து அரைத்து, வடிகட்ட மறந்திருந்தேன். அதன் விதை ஒவ்வொன்றும் கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயந்திரம் முழுக்க, தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி விதையை வெளியேற்றினேன். மனைவி வந்து சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்து சிரித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு கை பழகிவிட்டது. குக்கரில் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, தோல் சீவிய பரங்கிக்காய், கேரட், ஒரு வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒரு தக்காளி. பப்பாளி அரைப்பழமாக இருந்தால் நல்லது. ரொம்பப் பழுத்திருந்தால் தித்திக்கும், காயாக இருந்தால் ஒரு மாதிரி பச்சை வாசனை அடிக்கும். மூன்று விசில் விட்டு, நன்றாக ஆறவிட்டு அரைத்து, டீ வடிகட்டியில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்து வடிக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. அப்புறம் மறுபடி அடுப்பில் ஏற்றி உப்பு, சீரகம், மாவாக இடித்த மிளகு. கடைசியில் அரை ஸ்பூன் நல்லெண்ணெய். அது ஸ்ட்ரா வழியாக உள்ளே இறங்கும்போது, வயிறு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அப்படி ஒருநாள் வடிகட்டிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. எட்டிப் பார்த்தேன். என் மாமனார்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். என் மனைவியின் வீட்டார் பிள்ளையார்பாளையத்தில் தலைமுறையாகப் பட்டு நெய்கிறவர்கள். சிவன் கோயில் உற்சவத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒருநாள் கட்டளை உண்டு, அன்றைய பூஜைச் செலவு அவர்களுடையது. வீட்டில் கறி, மீன் புழங்காது. நாங்கள் காலனி ஆட்கள், என் தாத்தா காலத்தில் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களானவர்கள். என் அப்பாவரைக்கும் அடுத்தவர் நிலத்தில்தான் வேலை. நானும் அவளும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். அன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஆளாளுக்கு எதையெதையோ கத்தினார்கள். அதோடு சரி. மூன்று வருடமாக மாமியார் மட்டும் மத்தியான வேளைகளில் ரகசியமாக மகளுக்குப் போன் செய்வார். மாமனார் ஒரு வார்த்தை பேசியதில்லை, எங்கள் தெருப்பக்கம்கூட வந்ததில்லை.

அப்படிப்பட்டவர் வாசலில் நின்றுகொண்டு, "அது வேலைக்குப் போயிருக்குதா?" என்றார். அது என்றால் அவர் மகள். அந்த நேரத்தில் அவள் இருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தலையாட்டினேன். அவர் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. பேச்சும் குழறியது. வெற்றிலை போட்டே ஆடிப்போன பற்கள் அத்தனையும் எடுத்துவிட்டார்களாம், ஈறு ஆறினதும் பல்செட் வைப்பார்களாம். "ஒங்க தெரு முனை டாக்டரு தான். அவராண்ட வந்தேன். அப்டியே..." என்று நிறுத்திக்கொண்டார்.

நாற்காலியை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். என்னால் பேச முடியாது, அவருக்குப் பேச ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சூப்பை இரண்டு டம்ளரில் ஊற்றி ஒன்றை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"பரங்கிக்காயா?"

தலையாட்டினேன்.

அடுப்படியைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் குக்கர்லயேதான் கறியும் வேக வெப்பீங்களா?" என்று கேட்டார். குரலில் சண்டை இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல்தான் இருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே குக்கர். பொய்யாகத் தலையாட்ட மனம் வரவில்லை. ஆமாம் என்று ஆட்டினேன்.

"வேணாம்பா. இப்பதான் கஞ்சி குடிச்சிட்டு வந்தேன்" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த சூப்பையும் நானே குடித்தேன். மனைவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று சாயந்திரம்வரை யோசித்தேன். சொன்னால் வந்தாரே என்று சந்தோஷப்படுவாளா, குடிக்காமல் போனாரே என்று அழுவாளா தெரியவில்லை. சொல்லவில்லை.

நாலைந்து நாள் கழித்து மறுபடி மொபெட் சத்தம். இந்த முறை ஒரு மஞ்சள் பையை நீட்டினார். பாதிப் பரங்கிக்காய் இருந்தது. "ஊட்டுல காய்ச்சது. எங்களால மெல்ல முடியல" என்றார். அவர் மனைவிக்குப் பல் நன்றாகவே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றும் உட்கார்ந்தார். நான் காயை நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தோலை இவ்ளோ கனமா சீவுற. சதை பூரா அதுலதான் போவுது" என்று ஒரு வார்த்தை சொன்னார். சூப் ஆகும் முன்பே எழுந்து போய்விட்டார்.

மூன்றாவது தடவை வந்தபோது ஈறு வீங்கி, முகமே வாடியிருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. நான் எனக்கு மட்டும் ஊற்றிக்கொள்வதா, அவருக்கும் வைப்பதா என்று தயங்கினேன். பிறகு, வேண்டாமென்றால் அவரே சொல்லட்டும் என்று வைத்தேன்.

"ஆறிடும்" என்று அவரே சொல்லிக்கொண்டு டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். மிளகு ஈறில் பட்டிருக்க வேண்டும், கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு இன்னொரு வாய். எதிரில் நான் ஸ்ட்ராவில் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரின் அடியைப் பார்த்தார். நான் எழுந்து மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தார்.

வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு டேசன் வாசல்ல நான் ஒண்ணு சொன்னேன். உனுக்கு ஞாபகம் இருக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அந்த வாயி தானே எம் பொண்ணப் பேசி மயக்குச்சி, அந்த வாயி ஒடஞ்சி போவன்னு சொன்னேன். மூணு தடவ மண்ண வாரிப் போட்டுச் சொன்னேன். ஏகாம்பரநாதர் கோபுரம் இருக்கிற தெசையப் பாத்துச் சொன்னேன்பா."

அவர் துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஆக்சிடெண்ட்டுன்னு எங்க ஊட்டுல சொல்லிச்சி. எங்க அடின்னு கேட்டேன். வாயில தான்னு சொல்லிச்சி. தறியில ஒக்காந்திருந்தேன். அப்புறம் ஒரு இழை கூட ஓட்ட முடில. இன்னா சொல்லிட்டோம், இன்னா சொல்லிட்டோம்னு... எங்கியாவது தலையில பட்டிருந்தா எம் பொண்ணு கதி இன்னா ஆவறது?"

ரோட்டில் மணல் கிடந்தது மாமா, நான்தான் கவனிக்கவில்லை மாமா என்று சொல்ல வேண்டும். வாய் கட்டியிருந்தது. போனில் எழுதிக் காட்டினால் அவருக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. கையால் பைக் ஓட்டிக் காட்டினேன், சறுக்கிக் காட்டினேன், கீழே குனிந்து மணலை அள்ளிக் காட்டினேன். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். நான் மறுபடி முதலிலிருந்து ஓட்டிக் காட்டினேன். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லில்லாத வாயோடு சிரித்தார், அப்படியே கண்ணில் தண்ணீரும் வந்தது. எனக்கும் சிரிப்பு வந்து, கம்பி இழுத்து, உயிர் போகிற மாதிரி வலித்தது.

அன்று சாயந்திரம் எல்லாவற்றையும் மனைவிக்கு எழுதிக் காட்டினேன். முதல் தடவை வந்தது, குக்கரைக் கேட்டது, இன்று சொன்னது எல்லாம். படித்து முடித்துப் போனைக் கட்டிலில் போட்டாள். சந்தோஷப்படவில்லை, அழவுமில்லை. "நான் இல்லாத நேரமாப் பாத்து வந்துக்கினு இருக்காரா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் அவர் டாக்டரிடம் வரும் நாளை அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு லீவு போட்டாள்.

மொபெட் நின்றது. பையோடு உள்ளே நுழைந்தவர், அடுப்படி வாசலில் அவள் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"வா நைனா" என்றாள்.

அவர் உட்காரவில்லை.

"மூணு வருசமா நான் இந்த ஊருலதான கீறேன். ஒரு நாள் வந்தியா? எனக்குப் போன வருசம் டைபாய்டு வந்து பதினஞ்சு நாள் படுத்துக் கெடந்தேன். அம்மா சொல்லிருக்கும். அப்ப வந்தியா? இவரு வாயக் கட்டிப் போட்டதும் வந்துட்ட. பேச முடியாதவங்க கிட்டதான் நீ பேசுவியா?"

நான் அவளைப் பிடித்து இழுத்தேன். கையை உதறினாள். மாமனார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக, "ஆமாம்மா" என்றார். "பதிலு வராதுன்னு தெரிஞ்சிதான் தைரியமா வந்தேன். நீ இப்டிக் கேப்பன்னு தெரியும். கேட்டா எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் அவர் அருகே வந்தாள். அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்ததை அப்போதுதான் கவனித்தாள்போல. "எல்லாப் பல்லையுமா எடுத்துட்டாங்க?" என்றாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று சூப்பை அவள்தான் வைத்தாள். அவசரத்தில் சரியாக வடிகட்டவில்லை, திப்பித்திப்பியாக இருந்தது. எனக்கு ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது. மாமனாரும் நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம்.

கம்பியை எடுத்த நாளில் வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. பேசினால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. ஆனால் பேச வந்தது. இட்லியைச் சாம்பாரில் கரைத்துச் சாப்பிட்டேன். அடுத்த வாரம் வண்டியை எடுத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, மாமனார் வருவது நின்றுவிட்டது.

ஒரு வாரம் பார்த்தோம், இரண்டு வாரம் பார்த்தோம். பல் டாக்டரிடம் வந்துபோனதாகத் தெரு முனைக் கடைக்காரர் சொன்னார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். எனக்கு ஓரளவு புரிந்தது. பேச முடியாத என்னிடம் அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இப்போது எனக்கு வாய் வந்துவிட்டது. நான் என்ன சொல்வேனோ என்று அவருக்குக் கூச்சமாக இருக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒருநாள் லோடு இறக்கிவிட்டு வந்து, சூப் வைத்து, தூக்கில் ஊற்றி மூடிக்கொண்டு பிள்ளையார்பாளையம் கிளம்பினேன். அந்தத் தெருவுக்குள் நான் வண்டியைக் கொண்டுபோனதே இல்லை. காதலித்த காலத்தில்கூட மெயின் ரோட்டோடு நின்றுவிடுவேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக விரித்துப் பசை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். உள்ளே தறிச் சத்தம்.

வாசலில் நின்று, "மாமா" என்றேன்.

தறி நின்றது. அவர் தறிக் குழியிலிருந்து எழுந்து வந்தார். பல்செட் வைத்திருந்தார், முகமே மாறியிருந்தது. என்னைப் பார்த்து வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. அதற்குள் பசை போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரியவர் நிமிர்ந்து, "யாருபா அது?" என்றார்.

மாமனார் என்னைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். "நமக்குத் தெரிஞ்ச புள்ள. வண்டி ஓட்டுது" என்றார்.

அது எனக்குச் சுருக்கென்றது. தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அந்த நேரத்தில் மாமியார் உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்தார். என்னை அவர் நேரில் பார்த்தது அதற்கு முன் ஒரே ஒரு முறை, அதுவும் போலீஸ் ஸ்டேஷனில். தெருவுக்கே கேட்கிற மாதிரி, "நம்ம பொண்ணோட ஊட்டுக்காரருண்ணா! மாமனாருக்கு சூப்பு வெச்சி எடுத்துக்கினு வந்துருக்காரு!" என்றார். பிறகு என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு, "வாங்க மாப்ள, உள்ள வாங்க" என்றார்.

பெரியவர் "ஓகோ" என்று சொல்லிவிட்டு மறுபடி பாவைப் பார்க்கக் குனிந்துகொண்டார். மாமனார் மறுக்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நான் உள்ளே போனதும் பின்னாலேயே வந்து, "தெருவுல நான் அப்டி சொன்னதுக்கு இன்னா நெனச்சிக்கினியோ" என்று முணுமுணுத்தார். "ஒண்ணும் நெனைக்கல மாமா" என்றேன். முழுக்க உண்மையல்ல, ஆனால் அப்போது அதைச் சொல்லத்தான் வந்தது. பல்செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவர் சூப்பைக் குடித்தார். செட் ஈறைக் கடிக்கிறதாம், வைத்துக்கொள்ள முடியவில்லையாம்.

இப்போது மனைவி லீவு நாட்களில் அங்கே போய் வருகிறாள். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை இன்னும் அவள் பெயருக்கு மட்டும்தான் வருகிறது. கோயில் கட்டளையன்று எங்களைக் கூப்பிடவில்லை. மறுநாள் மாமியார் பிரசாதம் கொடுத்தனுப்பினார். மாமனார் மொபெட்டில் அந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அன்றுபோல் மனம்விட்டுப் பேசுவதில்லை. நானும் வற்புறுத்துவதில்லை.

போன வாரம் மாமியார் போன் செய்து சூப்புக்கு என்னென்ன அளவு என்று கேட்டார். பொறுமையாகச் சொன்னேன். மறுநாள் மறுபடி போன் வந்தது.

"அவரு குடிக்க மாட்டேன்னுட்டாரு மாப்ள. நீங்க வெச்சா மாதிரி இல்லியாம்."

லோடு முடிந்ததும் வருகிறேன் என்றேன்.